நன்றாகப் படித்தால் மலைக்கு

தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசக் கற்றுக்கொடுப்பதற்காகக் கடல் தாண்டிப் போனவன் நான். இதை இவ்வளவு அப்பட்டமாக இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "இலங்கையில் ஒரு சின்னக் கல்விப் பணி" என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேலை என்று சொன்னால் என்ன வேலை என்று கேட்பார்கள். பணி என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் போனதற்கு முக்கியமான காரணம் ஒரு ஜோடி காலணி. மலையேறுவதற்கென்றே தயாரிக்கப்பட்டது, கணுக்கால் வரை வரும், அடியில் பல் பல்லாக இருக்கும். ஏதோ ஒரு வேகத்தில் வாங்கியது, இரண்டு வருஷமாகப் பெட்டியிலேயே கிடந்தது. சென்னையில் நான் ஏறுகிற மிக உயரமான இடம் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி, அதுவும் லிப்ட் கெட்டுப்போன நாட்களில் மட்டும். "அதைப் போட்டுக்கிட்டு ஒரு தடவையாவது எங்கயாவது போயிட்டு வாங்க, இல்லைன்னா யாருக்காவது குடுத்துடுங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த நண்பர் போன் செய்தார்.

நண்பர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் மேலாளராகவே இருக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்ததால் ஒரு சேவைக் குழு ஆரம்பித்திருந்தார். எட்டுப் பேர், பத்து நாள், சப்ரகமுவ மாகாணத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ஒருவர் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பார், ஒருவர் யோகா சொல்லிக்கொடுப்பார், மற்றவர்கள் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள்.

"நீ நாலு புத்தகம் எழுதினவன். பிள்ளைங்களுக்கு தைரியமா நின்னு பேசக் கத்துக்குடு, போதும்" என்றார்.

"அங்க மலை இருக்குமா?"

"மலையைத் தவிர வேற ஒண்ணும் இல்லை."

ஒத்துக்கொண்டேன். இத்தனைக்கும் முந்தின வருஷம்தான் இப்படிப்பட்ட பயணங்களைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பத்து நாளில் ஒரு நாட்டின் வறுமையை ஒழித்துவிட்டுப் பதினோராம் நாள் கடற்கரைக்குப் போகிறவர்கள் என்று அதில் ஒரு வரி வரும். எங்கள் பயணத் திட்டத்தை நண்பர் அனுப்பியபோது, பதினோராம் நாளுக்கு எதிரே கடற்கரை என்று போட்டிருந்தது.

எட்டுப் பேருக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரே மாதிரி பனியன். நெஞ்சில் "கை கொடுப்போம்" என்றும், முதுகில் அதற்குச் செலவு செய்த சலவைக்கடையின் பெயரும் இருந்தன. பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் துணி வாங்க வந்தவர்கள்.

நான் என் பங்குக்கு மொழியில் தயாராகிக்கொண்டு போனேன். இலங்கைத் தமிழ் வேறு மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், இணையத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து ஓம், கதைக்கிறது, விளங்குதோ, வடிவாய் என்று ஒரு நோட்டு நிறைய எழுதிவைத்து, குளியலறையில் சொல்லிப் பழகினேன். அது யாழ்ப்பாணத்துத் தமிழ் என்பதும், நான் போகிற இடம் யாழ்ப்பாணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

பெல்மதுளைச் சந்தியில் தேநீர் குடித்து, கொடகவெல போகும் சாலையில் கொஞ்சம் போய், அங்கிருந்து வேன் இரண்டாம் கியரிலேயே ஒரு மணி நேரம் ஏறியது. கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் மழை. பள்ளி விடுமுறை என்றாலும் முகாமுக்காக முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நண்பர் ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"பிள்ளையள், நாங்கள் உங்களோட கதைக்க வந்திருக்கிறம். விளங்குதோ?"

முன்வரிசையில் நின்ற ஒரு பெண், பதினாறு வயது இருக்கும், பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"சேர் யாழ்ப்பாணமா?"

"இல்லைம்மா. மெட்ராஸ்."

"அப்ப ஏங்க சேர் இப்படிப் பேசுறீங்க?"

அன்றைக்கு முழுவதும் அந்தத் தோட்டத்தில் நல்ல மகிழ்ச்சி நிலவியது. பள்ளியின் தலைமையாசிரியைதான், அங்கே அதிபர் என்பார்கள், என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சமாதானப்படுத்தினார். நாற்பது வயதுக்குள் இருப்பார். அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் அந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே அதிபராக வந்தவர். எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

"எங்க ஆளுங்க எல்லாம் ஒங்க ஊருப் பக்கமிருந்து வந்தவங்கதாங்க சேர். நாங்க, நீங்க, போறோம், வாறோம், எல்லாம் அதேதான். கொஞ்சம் சிங்களம் கலக்கும், அம்புட்டுத்தான். நீங்க வீட்டுல பேசுற மாதிரி சும்மா பேசுங்க."

அந்த நிமிஷத்தில் என் நோட்டை மூடினேன். நான் கெட்டது அங்கேதான். மொழி வேறாக இருந்திருந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு தடவை நின்று பார்த்திருப்பேன். எல்லாம் நம்ம சொல்தானே என்று ஆனபிறகு யார் நிற்கிறார்கள்?

வகுப்பு ஒரு நீளமான கூடத்தில் நடந்தது. அரைச் சுவர்தான். அந்தப் பக்கம் யோகாக்காரர் மூச்சை இழுக்கச் சொன்னால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் இழுத்தார்கள். முதல் நாள் நான் பெருமையாகச் சொன்னேன், "உங்க எல்லாருக்கும் நான் அட்டை கொண்டு வந்திருக்கேன்." நான் சொன்னது சொற்கள் எழுதிய அட்டைகளை, சென்னையில் பளபளவென்று அச்சடித்து எடுத்துப்போயிருந்தேன்.

"எங்ககிட்டயே நெறைய இருக்குதுங்க சேர்" என்றது ஒரு குரல். அதே பெண்தான். நான் புரியாமல் விழிக்க, அவள் என் காலைக் காட்டினாள். காலுறைக்கு மேலே ஒன்று இரத்தம் குடித்துக் கொழுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. நான்கு வரி கொடுத்து அதைக் கதையாக்கிச் சொல் என்றால் மற்றவர்கள் நான்கு வரியையும் ஒப்பிப்பார்கள். அவள் எழுந்து, பெல்மதுளை பஸ் கண்டக்டரையும் அவரிடம் சண்டை போட்ட ஒரு கோழிக்காரரையும், பாதித் தமிழ் பாதிச் சிங்களத்தில், குரலை மாற்றி மாற்றி நடத்திக் காட்டினாள். கோழிக்கும் ஒரு குரல் இருந்தது. கற்றுக்கொடுக்கப் போனவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை அவளைப் பற்றி டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவதாங்க எனக்கு இப்ப தலைவலி. பதினோராம் ஆண்டு, ஓஎல் பரீட்சை, நல்லா பாஸ் பண்ணிட்டா. இங்க அதுக்கு மேல வகுப்பு இல்ல. உயர்தரம் தமிழ்ல படிக்கணும்னா டவுனுக்குத்தான் போவணும், பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். படிவம் குடுத்து விட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அம்மா கையெழுத்து போட்டு வரணும். அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு, அம்மா சொல்றதுதான் முடிவு. அது வேலைக்குப் போகட்டும்னு சொல்லுது. இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. முகாம் முடியட்டும் பாக்கலாம்னு இழுக்குது."

"நான் ஏதாவது செய்யணுமா?"

"பெரிசா ஒண்ணும் வேணாம் சேர். அவ நல்லா செய்றான்னு அம்மா காதுல விழற மாதிரி ஏதாச்சும் செய்யுங்க. நான் சொன்னா டீச்சர் சொல்றது வழக்கந்தானேம்பாங்க. வெளியூரு ஆளு சொன்னா ஒரு மரியாத இருக்கும்."

அன்றிரவு கொசுவலைக்குள் படுத்தபடி யோசித்தேன். பரிசு கொடுத்தால் ஊருக்கே தெரியும். என்ன பரிசு கொடுக்கலாம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குன்று இருந்தது. உச்சியில் ஒரு பாறை. மழை விட்ட நேரத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பெட்டியில் இருந்த காலணி ஞாபகம் வரும். அவளையும் இன்னும் நாலைந்து நல்ல பிள்ளைகளையும் சனிக்கிழமை அதன் மேலே கூட்டிப்போய், பாறையில் உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து, ஊரைப் பார்க்கவைத்தால் எப்படி இருக்கும்? பிள்ளைகளுக்குப் பரிசு, எனக்கு மலையேற்றம். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில் எனக்கே கொஞ்சம் வியப்பாக இருந்தது.

புதன்கிழமை டீச்சர் கல்விக் காரியாலயத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது.

மதியம் எல்லாரையும் உட்காரவைத்தேன். அந்தப் பெண்ணை முன்னால் கூப்பிட்டேன். கைதட்டச் சொன்னேன், தட்டினார்கள். பிறகு அறிவித்தேன்.

"இந்த முகாமிலேயே நல்லாப் படிச்சது, நல்லாப் பேசினது இவதான். அதனால சனிக்கிழமை இவளை நான் மலைக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன்!"

கைதட்டல் நின்றது. நான் அதை ஆவல் என்று எடுத்துக்கொண்டேன்.

"இவ மட்டும் இல்லை. சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. யார் யார் நல்லாப் படிக்கிறீங்களோ அவங்களும் மலைக்கு வரலாம். நல்லாப் படிச்சா எங்க போவோம்?"

முகாம் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பதில் வராவிட்டால் கையைக் காதில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்பது. நானும் வைத்துக்கொண்டேன்.

"கேக்கலையே! நல்லாப் படிச்சா எங்க போவோம்?"

"மலைக்கு" என்றன நாலைந்து குரல்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. பிறகு தங்களுக்குள் சிங்களத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியக்கூடாது என்றால் அவர்கள் சிங்களத்துக்கு மாறிவிடுவது வழக்கம். கடைசி வரிசையில் ஒரு பொடிசு அழ ஆரம்பித்தது. பசி போலிருக்கிறது என்று பிஸ்கட் கொடுத்தேன்.

அந்தப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மாகிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு, என்ன?" என்றேன்.

"அம்மாகிட்டயா சேர்?"

"முதல்ல அம்மாகிட்டதான் சொல்லணும்."

"ஹரி சேர்" என்றாள். சரி என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோழியின் குரலை எடுத்த தொண்டை மாதிரி அது இல்லை.

வியாழக்கிழமை காலை பதினோரு பேர் வந்திருந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. நண்பர் மழையைக் காரணமாகச் சொன்னார். பல் பார்க்கிறவர் தன்னைக் காரணமாகச் சொன்னார். முந்தின நாள் இரண்டு பேருக்குப் பல் பிடுங்கியிருந்தார். ஒன்பது மணிக்கு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே வேகமாக உள்ளே வந்தார்.

"சேர், நேத்து நீங்க பிள்ளைங்ககிட்ட என்னா சொன்னீங்க?"

"நல்லாப் படிச்சா பரிசுன்னு சொன்னேன்."

"என்னா பரிசு?"

"மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு..."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"ஐயோ சேர். எங்களுக்கு மலைன்னா நீங்க பாக்குற மலை இல்லைங்க. கொழுந்து பறிக்கிற எடந்தான் மலை. அம்மா மலைக்குப் போயிருச்சின்னா தேயில பறிக்க வேலைக்குப் போயிருச்சின்னு அர்த்தம். இங்க தாயிங்க பிள்ளைங்கள ஏசுறதே அப்படித்தான். ஒழுங்கா படி, இல்லன்னா மலைக்குத்தான் போவே, அப்படின்னு. நானும் அந்த ஏச்சுக் கேட்டுத்தான் படிச்சேன். நீங்க என்னடான்னா நல்லா படிச்சா மலைக்கின்னுட்டீங்க!"

எங்கள் வீட்டில் நான்கு அலமாரி புத்தகம் இருக்கிறது, அதில் ஒரு தட்டு முழுக்க அகராதி. ஊர் திரும்பியபின் எல்லாவற்றிலும் பார்த்தேன். மலை என்பதற்கு வெற்பு, பொருப்பு, வரை என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற இடம் என்று ஒன்றிலும் இல்லை. மலைத்தல் என்றால் திகைத்துப்போதல் என்று எல்லாவற்றிலும் இருந்தது. எனக்குப் பொருந்தியது அது ஒன்றுதான்.

"சிரிக்கிற விசயமா இருந்தா சிரிச்சிட்டுப் போயிரலாம்" என்றார் டீச்சர். "அவ போயி அம்மாகிட்ட அப்படியே சொல்லியிருக்கா, சேர் என்னைய மலைக்குப் போகச் சொல்லிட்டாருன்னு. அம்மா என்னா சொல்லுச்சாம் தெரியுங்களா? பாத்தியா, இந்தியாவுலேருந்து வந்த படிச்ச மனுசன், மூணு நாள் ஒன்னைய பாத்துட்டு அவரே சொல்லிட்டாரு, இனி என்னா இருக்குன்னு. படிவத்த மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால செருகிட்டாங்க. இன்னிக்கி வேல முடிஞ்சதும் தோட்டத்து ஒப்பீசுல அவ பேரப் பதியப் போறாங்க. பேர் பதிஞ்சிட்டா முடிஞ்சிச்சி சேர். பதிஞ்ச பேரத் திருப்பி யாரும் இஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க."

வெளியூர் ஆள் சொன்னால் மரியாதை இருக்கும் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மலையிலதான். நீங்க ஆசப்பட்ட எடந்தானே, வாங்க."

காலணியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். டீச்சர் ரப்பர் செருப்பைக்கூடக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, தேயிலைச் செடிகளுக்கு இடையே விறுவிறு என்று ஏறினார். நான் பின்னால் போனேன். பத்து நிமிஷத்தில் இடது காலணியின் அடிப்பாகம், பல் எல்லாவற்றோடும், சேற்றிலேயே நின்றுவிட்டது. மேல்பாகத்தோடு நான் மட்டும் ஏறினேன். இரண்டு வருஷம் பெட்டியில் இருந்ததில் பசை காய்ந்துபோயிருக்கிறது. அடுத்த வளைவில் வலது காலணியின் அடியும் தன் ஜோடியைத் தேடிப் போய்விட்டது. அதற்குப் பிறகு மேல்பாகங்களைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஏறினேன். அட்டைகளுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

மேலே பதினைந்து இருபது பெண்கள் வரிசை வரிசையாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். என்னை முதலில் பார்த்தவர் ஒரு பெரிய அம்மாள்.

"யாருடி இது, ஆரஞ்சு கலருல? தோட்டத்துக்கு வந்த புது சின்னத் தொரையா?"

"சின்னத் தொரைக்கி இம்புட்டு வயிறு இருக்காதுக்கா. பெரிய தொரையா இருக்கும்."

"தொரைன்னா சப்பாத்து போட்டிருப்பாரே!"

"முதுகப் பாரு, சலவைக்கடைன்னு எழுதியிருக்கு. துணி எடுக்க வந்திருக்காரு."

மேற்பார்வைக்கு நின்ற கங்காணி போனில் யாரிடமோ "ஹரி மாத்தயா, ஹரி ஹரி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கையால் என்னை மேலே போகச் சொன்னார். சரியாக அப்போதுதான் முழங்காலுக்குப் பின்னால் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் கங்காணியின் போனில் இருந்தவரே என்னவென்று விசாரித்திருக்க வேண்டும். பெண்கள் கூடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி மடியிலிருந்து ஒரு துண்டு சவுக்காரத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தேச்சிக்கங்க, விட்டுரும்."

அந்தப் பெண்ணின் அம்மா வரிசையின் கோடியில் இருந்தார். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் பறிப்பதைத் தொடர்ந்தார். இரண்டு கைகளும் தனித்தனி ஆட்களுடையவை போல வேலை செய்தன.

பதற்றம் வந்தால் எனக்கு மேடைத் தமிழ் வந்துவிடும். பள்ளி நாட்களிலிருந்தே இருக்கிற கோளாறு. கால் வழியே இரத்தம் வடிய, கையில் சவுக்காரத்தோடு, நான் பேசினேன்.

"அம்மா, நான் மலை என்று குறிப்பிட்டது தங்கள் பணியிடத்தை அன்று. இயற்கையைக் கண்டு களிக்கும் நோக்கில் மேற்கொள்ளும் ஒரு சிற்றுலாவையே அவ்வாறு குறிப்பிட்டேன். தங்கள் புதல்வி அபாரமான திறமை வாய்ந்தவர். கல்வி என்பது..."

கல்வி என்பது என்ன என்று இன்னும் நான்கு நிமிஷம் சொன்னேன். அவருடைய கைகள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் டீச்சரிடம் கேட்டார்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு டீச்சர்?"

"காலையில ஆறு பத்துக்கு ஒண்ணு இருக்குக்கா."

"காலையில கெடக்கட்டும். நான் வேலைக்குப் பேர் குடுக்க பிரட்டுக்குப் போகையில கூட்டிட்டுப் போயி ஏத்தி விட்டுருவேன். திரும்பி வாற பஸ்ஸு?"

"கீழ சந்திக்கு அஞ்சே முக்காலுக்கு வரும்."

"மழ நாளையில ஆறரையாவும். சந்தியிலேருந்து ரப்பருக்குள்ளாற வரணும். ரெண்டு மைலு. பொட்டப்புள்ள. தனியா. நான் மலையிலேருந்து எறங்கி, தராசுல கொழுந்து நிறுத்துட்டு, எப்ப போயி கூட்டிட்டு வாறது?" பிறகு என்னைப் பார்த்தார். முதல் தடவையாகக் கை நின்றது. "அவ படிக்கக் கூடாதுன்னு எனக்கு வேண்டுதலா சேர்? நானும் அவள மலைக்குப் போவே மலைக்குப் போவேன்னு ஏசித்தான் படிக்க வெச்சேன். நீங்க நல்லா படிச்சா மலைக்கின்னீங்களாம். படிச்சாலும் மலைதான், படிக்காட்டியும் மலைதான்னா, இந்தப் பஸ்ஸுக்கு எதுக்கு நான் பயப்படணும்னு நெனச்சேன்."

கல்வியைப் பற்றி நான் சொன்ன எதிலும் ரப்பர் தோட்டத்து வழி வரவில்லை. இரண்டு நாளாக அந்தப் பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றி யோசித்த நான், அவள் எப்படி வீட்டுக்கு வருவாள் என்று யோசிக்கவில்லை.

பதில் அடுத்த வரிசையிலிருந்து வந்தது. சவுக்காரம் கொடுத்தவள்தான்.

"ஏங்க்கா, எம் மக டவுனு துணிக்கடையில நிக்கிதே, அது அந்த பஸ்ஸுலதானே வருது? சந்தியிலேருந்து அதுகூட நம்ம டிவிசன் பொண்ணுங்க ரெண்டு வருதுக. சேந்து நடந்து வரட்டுமே. ரப்பருக்குள்ள நாலு பொம்பள புள்ளைங்க வந்தா பேய்தான் பயப்படணும்."

"ஒன் மக ஞாயித்துக்கிழம லீவுதானே?"

"ஞாயித்துக்கிழம இஸ்கூலும் லீவுதானே! நீ ஒண்ணு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் கை மறுபடி ஓட ஆரம்பித்தது. "ஒன் மக கடைய விட்டுட்டா?" என்று கேட்டார். "விட்டா அப்ப பாப்போம்க்கா. ரெண்டு வருசம் எங்க போயிரப் போவுது?" என்றாள் இவள். பிறகு இருவரும் அந்தத் துணிக்கடை முதலாளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நானும் டீச்சரும் அங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பது அவர்களுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"இன்னிக்கி ஒப்பீசுக்குப் போறீங்களாக்கா?" என்று கடைசியில் டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கி மழ வரும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

இறங்கும் வழியில் என் காலணியின் இரண்டு அடிப்பாகங்களையும் பொறுக்கிக்கொண்டேன். அவற்றுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. டீச்சரிடம் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். வானம் வெளுத்திருந்தது. "அதான் எனக்கும் வெளங்கல சேர்" என்றார்.

மழை வரவில்லை. மாலை ஐந்து மணியிலிருந்து நான் கூடத்தின் அரைச் சுவரில் உட்கார்ந்து, ஒப்பீசுக்குப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார். பாதை பிரிகிற இடத்தில் நின்றார். யாருடனோ பேசினார். பிறகு லயத்துப் பக்கம் திரும்பிப் போனார். நண்பர் வந்து, முகாம் அறிக்கையில் வியாழக்கிழமைக்கு எத்தனை பிள்ளைகள் என்று போடுவது என்று கேட்டார். எனக்குக் காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் நேராக டீச்சரிடம் போய், நான்காக மடித்த படிவத்தைக் கொடுத்தாள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததில் ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது. டீச்சர் அதைத் தட்டிவிட்டு, கீழே பார்த்தார். கையெழுத்து இருந்தது. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்த நிமிஷமே டவுனுக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"சேர், நாளைக்கி மலைக்குப் போறோமா?"

"இல்லைம்மா."

"அம்மா கேக்கச் சொல்லிச்சு. நாளைக்கி கொழுந்து நெறைய இருக்காம், ஆளு பத்தாதாம். சேருக்கு அம்புட்டு ஆசையா இருந்தா வரச் சொல்லிச்சு."

மிச்ச நாட்களில் பிள்ளைகள் என்னை அட்டை சேர் என்று கூப்பிட்டார்கள். நான் அச்சடித்துக் கொண்டுபோன அட்டைகளால் வந்த பெயர் என்றுதான் நண்பரிடம் சொல்லிவைத்தேன். பதினோராம் நாள் கடற்கரைக்குப் போனோம். செருப்பு வாங்க வேண்டியிருந்தது.

சென்னை திரும்பியபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் படிப்பை நான் காப்பாற்றிய கதையை இரண்டு கூட்டங்களில் சொன்னேன். முதல் கூட்டத்தில் மலை என்ற சொல்லால் வந்த குழப்பத்தையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டாவதில் நேரம் இல்லாததால் அதை விட்டுவிட்டு, செங்குத்தான சரிவில் வெறுங்காலோடு ஏறியதை மட்டும் சொன்னேன். சரிவு கொஞ்சம் கூடியிருந்தது. நல்ல கைதட்டல்.

இரண்டு மாதம் கழித்து டீச்சருக்கு போன் செய்தேன். அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள், நாலு பேராகச் சேர்ந்து நடந்து வருகிறார்கள், துணிக்கடைப் பெண் இன்னும் வேலையை விடவில்லை என்றார். எனக்கு அதோடு போனை வைக்க மனம் வரவில்லை. அன்றைக்கு நான் மேலே வந்து பேசியதைப் பற்றி அம்மா அப்புறம் ஏதாவது சொன்னாரா என்று, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"நானும் ஒரு நாள் கேட்டேங்க. சேர் மலைக்கே ஏறி வந்து பேசுனாரே, அதுனாலதானேக்கா கையெழுத்து போட்டீங்கன்னு. எந்த சேருன்னு கேட்டிச்சு."

"எந்த சேரா?"

"அட்டை கடிச்சு கத்துனாரேக்கா, அந்த சேருன்னேன். ஆ, அவரா, பாவம் நல்ல மனுசன், என்னமோ ரொம்ப நேரம் பேசுனாரு, என்னா பாஷைன்னுதான் வெளங்கலன்னிச்சு."